சோடி மேளம்

எங்களுக்குப் பெயர் கிடையாது. பெற்றவர்கள் வைத்தது ரேஷன் அட்டையில் இருக்கிறது, அதோடு சரி. கல்யாண வீட்டில் நாங்கள் மேளம். "மேளம் வந்துருச்சா?" "மேளத்துக்குக் காப்பி குடுத்தாச்சா?" "மேளத்தைக் கடைசிப் பந்தியில உக்கார வைப்பா." மனுசனை விட்டுவிட்டுத் தோலையும் மரத்தையும் மட்டும் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் தவில் வாசிப்பவர், நான் நாயனம். பரமக்குடியில் எங்கள் தெருமுனையில் நின்று "தவில் வீடு எது?" என்று கேட்டால் கைகாட்டுவார்கள். நாயனமும் அந்த வீட்டில்தான் இருந்தது. அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

மைக்கில் அறிவிக்கும்போது மட்டும் கொஞ்சம் மரியாதை வரும். அவரைத் தவில் வித்வான் என்பார்கள். என் முறை வந்ததும் அறிவிக்கிறவர் கொஞ்சம் விழிப்பார். பிறகு "லேடீஸ் நாதஸ்வரம்" என்பார், ஜவுளிக்கடையில் எந்த மாடி என்று வழி சொல்கிற மாதிரி. பாவாடை கட்டின வயதிலிருந்து வாசிக்கிறேன். எனக்கு மூச்சு பிடிக்கிற அளவுக்கு இந்த வட்டாரத்தில் எத்தனை ஆம்பளைக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் லேடீஸ்தான்.

ஒரே ஒரு சொல் எனக்குப் பிடித்திருந்தது. சோடி மேளம். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மேடையில் உட்கார்ந்து வாசிப்பதைப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்களே வைத்த பெயர். பெண் வீட்டார் தேடிக்கொண்டு வருவார்கள். "சோடியா வாசிச்சா பொண்ணும் மாப்பிள்ளையும் சோடி பிரியாம இருப்பாக" என்பார்கள். இவருக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். "பாத்தியா, உன்னால எனக்கு மார்க்கெட்டு" என்பார். "உங்களால எனக்குத் தலைவலி" என்பேன் நான்.

தலைவலி என்று சும்மா சொல்லவில்லை. அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தாலி கட்டும் நேரத்தில் யாராவது விரலை ஆட்டி "கெட்டிமேளம்" என்பார்கள் இல்லையா, அப்போது எல்லாரும் சேர்ந்து காது கிழிய வாசிப்போம். யாருடைய தும்மலோ அழுகையோ அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது என்பதற்குத்தான் அந்தச் சத்தம். சத்தம் முடிந்து எல்லாரும் கையை எடுத்த பிறகு, இவர் மட்டும் இடது பக்கம் குச்சியால் 'தொம்' என்று ஓர் அடி கூடுதலாகப் போடுவார். கதவைச் சாத்திவிட்டு ஒருதரம் தள்ளிப் பார்க்கிற மாதிரி. "அந்தக் கடைசி அடி யாருக்கு?" என்று எரிந்து விழுவேன். "உனக்குத்தான், வச்சுக்க" என்பார். கடைசி வரைக்கும் அதை விடவில்லை.

எங்கள் ஊரில் ஒலிபெருக்கி, பந்தல் விளக்கு எல்லாம் வாடகைக்கு விடுகிற ஒரு தம்பி இருக்கிறான். சவுண்டு சர்வீஸ்காரன் என்றுதான் அவனுக்கும் பெயர். அவன் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சியபோது நாங்கள்தான் போய் வாசித்தோம். எங்களுக்கு முன்னால் மைக் வைத்து, ஏதோ பெட்டியில் இணைத்து, முழுவதையும் பதிவு பண்ணிக்கொண்டான். "கெட்டிமேளமும் ஒண்ணு வாசிச்சிருங்கக்கா, கிடக்கட்டும்" என்றான். பால் காய்ச்சுகிற வீட்டில் யாருக்குத் தாலி கட்டப்போகிறான் என்று இவர் கேலி பண்ணினார். வாசித்தோம். பிறகு அதை மறந்தும் போனோம்.

இவர் ஒரு காலையில் டீ குடித்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்தார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. எழுதினாலும் தீராது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். தாலியை வாங்கினார்கள். பொட்டை நான் விடவில்லை, பூவையும் விடவில்லை. பொம்பளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்பிக்கொள்ளட்டும். ஆனால் முகூர்த்த மாதம் பிறந்தது, என் போன் மட்டும் அடிக்கவில்லை. முன்பே பேசி வைத்திருந்த வீட்டார்கூட வேறு செட்டைப் பிடித்துவிட்டார்கள். ஒரு வீட்டம்மாவை நானே கூப்பிட்டுக் கேட்டேன். "அது மங்கள வாத்தியம்ல தாயி… நீங்களே புரிஞ்சுக்கணும்" என்றாள். அந்தம்மா கல்யாணத்துக்கு நான்தான் வாசித்தேன். அவள் மகள் காதுகுத்துக்கும் நான்தான்.

ஒரே ஓர் அழைப்பு வந்தது. ஒரு பெரியவர் தவறிவிட்டாராம், பேரன் பேத்தி எல்லாம் எடுத்த கல்யாணச் சாவாம், தேருக்கு முன்னால் வாசிக்க வர வேண்டுமாம். "இதுக்கு நீங்க வரலாம்ல" என்றான் போனில் பேசியவன். அந்த 'இதுக்கு' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் வீட்டில் இழவு விழுந்தால்தான் நான் நினைவுக்கு வருவேனா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். உண்மையாகவே இழவு விழுந்த வீடு அது. பேசின பிறகுதான் உறைத்தது. அதற்காக வருத்தப்படவும் இல்லை.

சரி, கோயிலிலாவது பூசை வேளைக்கு வாசிப்போம் என்று ஒரு கோயிலில் போய்க் கேட்டேன். அங்கே மூலையில் ஒரு மோட்டார் மேளம் இருந்தது. சுவிட்சைப் போட்டால் முரசும் மணியும் தானாக அடிக்கும். "அது போதும்மா" என்றார்கள். அந்த மிஷினிடம் புருஷன் இருக்கிறானா என்று யாரும் கேட்கவில்லை.

மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். "எதுக்கும்மா இந்தக் கஷ்டம்? பேசாம என்கூட வந்து இரு" என்றான். நல்ல பிள்ளை. சோற்றுக்குக் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டான். எனக்குச் சோறு பிரச்சினை இல்லை. ஒரு முகூர்த்தத்தில் உட்கார்ந்து காலை ராகம் ஒன்றை எடுத்து இழுக்காமல் நான் எதற்கு உயிரோடு இருக்கிறேன் என்பதுதான் பிரச்சினை. அதைப் போனில் சொன்னால் பிள்ளை பயந்துபோவான். பார்ப்போம் என்று சொல்லிவைத்தேன்.

இங்கே என் கொழுந்தனைச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரருக்கு நேர் இளையவன், அவனும் தவில். என் வீட்டுக்காரர் போவதற்கு முந்தின வருஷம் அவன் பெண்டாட்டி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அவனை என்ன செய்தார்கள் தெரியுமா? கருமாதி முடிந்த கையோடு கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். "பாவம், நாலு இடத்துக்குப் போனா மனசு மாறும்" என்றார்கள். அவன் மனசு மாற வேண்டும் என்று ஊரே கவலைப்பட்டது. அதே மங்கள வாத்தியத்தின் இன்னொரு பாதி அவன் கழுத்தில் தொங்கியது. அதில் ஒரு தோஷமும் யாருக்கும் தெரியவில்லை.

அவன்தான் ஒருநாள் வந்து சொன்னான். "மதினி, கடக்கரைப் பக்கம் ஒரு கல்யாணம் வந்திருக்கு. நாயனத்துக்கு ஆள் இல்ல. நீங்க வாரீகளா?"

"அவுகளுக்குத் தெரியுமா?"

"அவுக கேக்கல. நானும் சொல்லல."

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பரமக்குடியில்தான் என்னைத் தெரியும். ராமநாதபுரம் தாண்டிவிட்டால் யாருக்கு என்னைத் தெரியும்? இந்த ஒரு முகூர்த்தம் நல்லபடியாக நடந்தால் அந்தப் பக்கத்தில் இன்னும் நாலு வீட்டில் கூப்பிடுவார்கள். எனக்கு ஒரு திசையாவது திறக்கும். பெட்டியைத் திறந்து சீவாளிகளை எடுத்துப் பார்த்தேன். நாயனத்தில் வைத்து ஊதுகிற நாணல் நாக்குகள் அவை. வாய் படாமல் கிடந்து எல்லாம் காய்ந்து போயிருந்தன. அன்று முழுக்க எச்சில் வைத்து வைத்துப் பதம் பண்ணினேன்.

மண்டபம் எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று வரும், அவ்வளவுதான். விடிகாலையிலேயே போய்ச் சேர்ந்தோம். வாசலில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தவன் யார் என்று பார்த்தால் எங்கள் ஊர் சவுண்டு சர்வீஸ் தம்பி. அவன் ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. அவன் என் பொட்டைப் பார்த்தான், கொழுந்தனைப் பார்த்தான். "வாங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் மைக்கைக் கொண்டுவந்து உயரம் சரிபண்ணினான். அப்போது மனசுக்குள் அவனைக் கும்பிட்டேன்.

பெண்ணின் அம்மா எங்களைப் பார்த்ததும் பூரித்துப்போனாள். சேலை மடித்து உடுத்திய, வாய் நிறையப் பேசுகிற பொம்பளை. "ஏண்ணே, ரெண்டு பேரும் ஒரே குடும்பமா?" என்று கொழுந்தனிடம் கேட்டாள். அவன் "ஆமாங்க, ஒரே குடும்பந்தான்" என்றான். பொய் இல்லையே. என் பொட்டையும் பூவையும் பார்த்து அவளே மிச்சத்தை இட்டு நிரப்பிக்கொண்டாள். "சோடியா வந்திருக்கீக. எம்மக குடுத்து வச்சவ" என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல் என் காதில் விழுந்தது. ஒரு டீயைக் கேட்டு வாங்கி, ஆற விடாமல் குடித்தேன்.

வாசித்தேன். கடல் காற்றில் சீவாளி சீக்கிரம் தளர்ந்துபோகும், மாற்றி மாற்றி வைத்துக்கொண்டேன். மூச்சு என்னைக் கைவிடவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் போனை நீட்டிப் படம் பிடித்தார். இன்னொருவர் வந்து கொழுந்தனிடம் நம்பர் வாங்கிக்கொண்டு போனார். திறக்கிறது, திறக்கிறது என்று எனக்குள் துள்ளியது.

இடைவேளையில் பெண்ணின் அம்மா வந்து என் கையைப் பிடித்தாள். "யக்கா, ஒரு நிமிசம் வாங்க. சோடியா வாசிக்கிறவுக கையால எம்மகளுக்குக் குங்குமம் வச்சுவிடுங்க." மணப்பெண் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெண் சின்னப்பிள்ளை, கண் மையைக் கலைத்துவிடக்கூடாதே என்று முகத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்து, "நீங்க வாசிச்சது உள்ள வரைக்கும் கேட்டுச்சு, சூப்பரா இருந்துச்சு" என்றது. குங்குமத்தை எடுத்து அதன் நெற்றியில் வைத்தேன். நல்லா இரு என்று மனசார நினைத்துத்தான் வைத்தேன். என்னைவிட யார் மனசாரச் சொல்லியிருக்க முடியும்?

மேடைக்குத் திரும்பி உட்கார்ந்தேன். அந்த நேரத்தில்தான் பரமக்குடியிலிருந்து வேன் வந்தது. அதில் பெண்ணுக்குச் சின்னம்மா முறை ஒருத்தி இறங்கினாள். உள்ளே வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றாள். எனக்கு அவளைத் தெரியவில்லை, அவளுக்கு என்னைத் தெரிந்திருந்தது. நேராகப் பெண்ணின் அம்மாவிடம் போனாள். "ஏத்தா, இந்த நாயனத்தை யாரு கூப்பிட்டது? இது புருஷன் செத்துப் போனவள்ல?" மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டாள். எனக்கு நன்றாகவே கேட்டது.

பெண்ணின் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அவள் முகத்தில் பயம் மட்டும்தான் இருந்தது, பிள்ளை கையில் பாம்பைப் பார்த்துவிட்ட மாதிரி. ஓடினாள். மேடைக்குப் பக்கத்திலிருந்த மணப்பெண் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஈரத்துணியை எடுத்து அந்தப் பெண்ணின் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். "எதுக்கும்மா?" என்று பெண் கேட்டது. "பேசாம இரு" என்றாள் அம்மா.

பெண்ணின் தாய்மாமன் மேடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, நல்ல குரல், மரியாதையான மனிதர். "தப்பா நெனைக்காதீகம்மா. முகூர்த்தம் முடியிற வரைக்கும் கொஞ்சம் அங்கன வாசப்பக்கம் போயி இருங்க" என்றார். பிறகு கொழுந்தனைப் பார்த்து, "தவில் இருக்கட்டும்" என்றார்.

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, இதை அவனுக்காகச் சொல்லியே ஆக வேண்டும், வாயைத் திறந்தான். "அண்ணே, எனக்கும்தான் சம்சாரம் இல்ல. செத்துப்போச்சு."

"ஆம்பளைக்கு அதெல்லாம் என்னப்பா? நீ பாட்டுக்கு அடி" என்றார் தாய்மாமன்.

நாயனத்தை உறையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அத்தனை பேரும் எனக்கு வழிவிட்டார்கள். சாமி வரும்போதுகூட அப்படி ஒதுங்க மாட்டார்கள். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்தேன். கிளம்பிப் போயிருக்கலாம். கெட்டிமேளத்துக்கு என்ன செய்யப் போகிறார்கள் பார்ப்போம் என்று ஒரு வீம்பு.

தாய்மாமன் சவுண்டு சர்வீஸ் தம்பியிடம் வந்தார். அவனுடைய பெட்டி வாசலுக்குப் பக்கத்தில், எனக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. "தம்பி, உங்கிட்ட நாதஸ்வரம் இருக்கும்ல? போடு. கெட்டிமேளத்துக்கு நான் கையாட்டுவேன்." அவன் தயங்கினான். "அண்ணே, அது வந்து…" என்றான். "அட போடுப்பா, நேரமாகுது" என்று அவர் மேடைக்கு ஓடினார். தம்பி என்னைப் பார்த்தான், பென் டிரைவைப் பார்த்தான். பிறகு செருகினான்.

முதல் இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையின் குரல் தாய்க்குத் தெரியாதா? நான்தான். நான், என் மூச்சு, அவன் புதுவீட்டுக் கூடத்தில் வாசித்தது. கூடவே தவில். அது யார் தவில் என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டுமா?

மேடையில் கொழுந்தன் அதோடு சேர்ந்து அடிக்கத் தொடங்கியிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் கை நின்றது. அண்ணன் கையை அவனும் கண்டுபிடித்துவிட்டான். தவிலை மடியில் வைத்துக்கொண்டு ஒலிபெருக்கியையே பார்த்தான். அவன் அடிக்காததை அந்த மண்டபத்தில் ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை.

தாய்மாமன் விரலை ஆட்டினார். தம்பி எதையோ தட்டினான். கெட்டிமேளம் இடித்தது. எல்லாரும் அட்சதையை வீசினார்கள், பொம்பளைகள் குலவையிட்டார்கள், தாலி ஏறியது. அந்தச் சத்தத்துக்குள் நான் வாய்விட்டு அழுதேன். அழுகை யார் காதிலும் விழவில்லை. கெட்டிமேளத்துக்கு அதுதானே வேலை. எல்லாம் ஓய்ந்த பிறகு, காலியான இடத்தில், 'தொம்' என்று ஓர் அடி விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் தாய்மாமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். பெரிய கண்டம் தாண்டிய நிம்மதி முகத்தில் தெரிந்தது. "நல்லா இருந்துச்சுப்பா, கேக்கவே மங்களமா இருந்துச்சு. எந்தச் செட்டு இது?"

தம்பி என் பக்கம் பார்க்காமல் சொன்னான். "பழைய செட்டுண்ணே. இப்ப அவுக இல்ல."

அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் முடியவில்லை. "தவில்தான் இல்ல தம்பி. நாயனம் இருக்கு. செருப்புக்கிட்ட உக்காந்திருக்கு, பாரு" என்றேன்.

தாய்மாமனுக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. என்னைப் பார்த்தார், ஒலிபெருக்கியைப் பார்த்தார், மேடையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையைச் சரிசெய்துகொண்டு படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஈரத்துணியை வைத்துத் துடைக்கிற விஷயம் இல்லை இது. அவருடைய முகம் சுண்டிப்போனது. என் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, அத்தனை நல்ல குரல் உள்ள மனிதர், காற்று மாதிரி ஒரு குரலில் கேட்டார். "ஆத்தா, இதை யாருகிட்டயும் சொல்லிறாதீக."

சொல்லத்தான் எழுந்தேன். மேடையேறி மைக்கைப் பிடுங்கி, உங்கள் பெண்ணுக்குத் தாலி ஏறியது ஒரு செத்தவன் தவிலிலும் ஒரு முண்டச்சி நாயனத்திலும்தான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. முண்டச்சி. அந்தச் சொல்லை யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அன்றைக்கு நானே சொல்லிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

அப்போது அந்தப் பெண் மேடையிலிருந்து என்னைப் பார்த்தது. நெற்றியில் துடைத்த இடம் இன்னும் சிவந்திருந்தது, அதன் மேலேயே புதுக் குங்குமம் வைத்திருந்தார்கள். நான் சொன்னால் என்ன ஆகும்? நாளைக்கு அந்த மாப்பிள்ளை வண்டியிலிருந்து விழுந்து கையைச் சிராய்த்துக்கொண்டாலும் அதையும் இந்தப் பெண்ணின் தலையில்தான் கட்டுவார்கள். என்னையும் மிஷினையும் விட்டுவிடுவார்கள். "அவ தாலி ஏறுன நேரமே சரியில்ல" என்பார்கள். எனக்கு வைத்த சொல்லை அந்தப் பிள்ளைக்கும் வைப்பார்கள்.

"சொல்லல. சாப்பாடு போடச் சொல்லுங்க, பசிக்குது" என்றேன்.

கடைசிப் பந்தியில் சாப்பிட்டோம். கொழுந்தன் இலையை அளைந்துகொண்டே இருந்தான். நம்பர் வாங்கிப் போனவர் இன்றுவரை கூப்பிடவில்லை. ஊர் திரும்பியதும் தம்பி வீட்டுக்கு வந்து, "அந்தப் பாட்டை அழிச்சிரவாக்கா?" என்று கேட்டான். எப்படி அழிக்கச் சொல்வேன்? அவர் கை அதில்தான் மிச்சம் இருக்கிறது. இருக்கட்டும் என்றேன்.

இப்போதும் முகூர்த்த நாட்களில் பரமக்குடி மண்டபங்களில் நான்தான் வாசிக்கிறேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது தம்பி கட்டின ஒலிபெருக்கியில் கேட்கிறது. கெட்டிமேளம் முடிந்து அந்தக் கடைசி அடி விழுகிற வரைக்கும், வருகிற பஸ்ஸை விட்டுவிட்டு நின்றுகொண்டிருப்பேன்.